உதைத்த காலை யாரும் பார்க்கவில்லை

காலை எட்டு இருபத்தைந்து. தொழிற்சாலை கேட்டில் நான் முதலில் பார்த்தது, ஒரு பெண் சட்டென்று நின்று, திரும்பி, தன் பின்னால் வந்தவளை முறைத்ததை. அவள் விழுந்தது அதற்குப் பிறகு.

வரிசையை மாற்றாமல் சொல்கிறேன். அன்று சாயங்காலத்துக்குள் இதே காட்சியைப் பலர் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். எல்லோர் கதையிலும் அவள் முதலில் உதை வாங்கினாள், அப்புறம் விழுந்தாள், அப்புறம்தான் திரும்பினாள். நான் பார்த்தது அப்படி இல்லை. ஆனால் நான் பார்த்ததும் முழுசு இல்லை. மழை விட்டும் விடாத காலை. குடைகள், டிபன் பைகள், துப்பட்டாக்கள். எனக்குத் தெரிந்தது இடுப்புக்கு மேலே மட்டும்.

பெங்களூரில் ஓசூர் சாலைப் பக்கம் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் தொழிற்சாலை அது. தொண்ணூறுகள் முடிகிற சமயம். நான் அங்கே வெல்ஃபேர் ஆபீசர். இன்று இதே வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எச்.ஆர். என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வேலை அதேதான்: தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் போட்ட ஒரு நாற்காலி. அதற்கு முன் சில வருஷம் ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் நிருபராக இருந்தேன். விபத்துச் செய்திகள் பெரும்பாலும் என் தலையில்தான் விழும்.

விழுந்தவள் தாயம்மா. ஈஜிபுராவில் குடியிருக்கும் கன்னடக்காரி. தமிழும் சரளமாகப் பேசுவாள். முப்பதைத் தொட்டிருக்க மாட்டாள். பின்னால் வந்தவள் ரோஸ்லின், விவேக் நகர்த் தமிழ்ப் பெண். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இருந்தவர். அங்கே வேலை சுருங்கிய பிறகு மொத்தக் குடும்பமும் இவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டது. தையல் லைனில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். வருவதும் போவதும் ஒன்றாக. அதற்கு முதல் நாள் மதியம் மட்டும் லைனே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டிருந்தார்கள்.

"ஏன்டி ஒதைச்சே?" என்று தரையில் உட்கார்ந்தபடியே தாயம்மா கத்தினாள்.

"நானா? இன்னாடி ஒளர்றே? என் கால் உன்மேல படவே இல்ல."

"பின்னாடி நீதானே வந்தே! பேய் வந்து ஒதைச்சுதா? டப்புன்னு சத்தமே கேட்டுச்சு."

வாட்ச்மேன் நஞ்சப்பா ஓடிவந்தார். "நான் பாத்தேன் மேடம். இந்தக் கண்ணால பாத்தேன். இவதான் ஒதைச்சா."

நான் குனிந்து தாயம்மாவின் வலது காலைப் பார்த்தேன். வழியெல்லாம் சேறு. எல்லார் செருப்பிலும் அப்பியிருந்தது. தாயம்மாவின் குதிகாலுக்கு மேலே தோல் சுத்தமாக இருந்தது. சிராய்ப்பு இல்லை, கறை இல்லை. விரலை வைத்தேன். நார் கயிறு மாதிரி விறைப்பாக ஓட வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. பார்த்து மனசில் வைத்துக்கொண்டதோடு சரி. அவளை எழுப்பி நிறுத்தினோம். பாதம் தரையை உந்தவில்லை. துணிபோல் தொங்கியது.

வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால், புரொடக்‌ஷன் மேனேஜர் கூப்பிடுகிறார். பெயர் சதாசிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர்க்காரர்.

"ஏனுங்க மேடம், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள விசாரணையை முடிச்சிருங்க. கேட்டுக்குள்ள கை நீட்டினா டிஸ்மிஸ், அதுதான் ரூல்."

"கை இல்லை சார், கால் என்கிறார்கள். அதையும் யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை."

"வாட்ச்மேன் பாத்திருக்கான். முந்தா நாள் சண்டையோ நேத்துச் சண்டையோ, அதுவும் எல்லாரும் பாத்திருக்காங்க. இன்னும் என்னங்க வேணும்?" குரலைத் தணித்துக்கொண்டார். "ஊர் இருக்கிற நிலைமை தெரியுமல்ல? அடி வாங்குனது அந்தப் புள்ள. அடிச்சது நம்ம தமிழ்ப் புள்ள. நானும் தமிழு, நீங்களும் தமிழு. ஒரு நாள் லேட் பண்ணுனாலும், மூணு பேரும் சேந்து மூடி மறைக்கிறாங்கன்னுதான் பேசுவாங்க. அந்தப் பழி எனக்கு வேண்டாங்க."

அந்த மாதம் ஊரில் கன்னடம், தமிழ் என்று காற்று கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். தமிழர் என்பதாலேயே ஒரு தமிழ்ப் பெண்ணை அவசரமாக வெளியே தள்ள வேண்டிய நிலையில் இருந்தார். இந்த மாதிரி அவசரம் உங்களுக்கும் வரும். ஆளும் மொழியும் வேறாக இருக்கும்.

என் வேலை ஒரே கேள்விக்குப் பதில் சொல்வது: ரோஸ்லின் உதைத்தாளா? ஆம் என்று எழுதினால் அவள் வேலை போகும். அடிதடிக்காக நீக்கியவளை அந்தச் சாலையில் வேறு எந்தத் தொழிற்சாலையும் உள்ளே விடாது.

சாட்சிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டேன். ஏன் என்றால், ஜங்ஷனில் பஸ்ஸும் ஸ்கூட்டரும் மோதிய இடத்துக்கு நிருபர் போய்ச் சேர்வதற்குள் அங்கே நிற்பவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு கதைக்கு வந்துவிடுவார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர் சொன்னதும் தன் கண்ணில் பட்டதும் கலந்துவிடுகிறது. அதனால் "என்ன நடந்தது" என்று கேட்காமல், "எந்தக் காலால் உதைத்தாள்" என்று கேட்டேன்.

ஒருத்தி வலது கால் என்றாள். ஒருத்தி இடது கால். மூன்றாவது பெண் எழுந்து, முழங்காலை மடக்கி முன்னால் குத்திக் காட்டினாள். அப்படிக் குத்தினால் இடுப்பில் படும், குதிகாலில் படாது. நஞ்சப்பாவிடம் வேறு கேள்வி கேட்டேன்.

"அந்த நேரத்தில் உங்கள் கையில் என்ன இருந்தது?"

"பை மேடம். யாரோ ஒரு பொண்ணோட பை. செக் பண்ணிட்டு இருந்தேன்."

"பைக்குள் பார்த்தீர்களா, ரோஸ்லின் காலைப் பார்த்தீர்களா?"

"கத்தினதும் தலை தூக்கிப் பாத்தேன். அவ பின்னாடி இவ நின்னா. அப்ப ஒதைச்சது இவதானே?"

இதெல்லாம் கேட்டு எனக்குத் தெளிவு வந்தது என்று நினைக்காதீர்கள். குழப்பம் கூடியது. உதைத்ததை யாரும் பார்க்கவில்லை, சரி. ஆனால் ஒரு பெண்ணின் கால் தொங்கிக்கொண்டிருக்கிறது. சமதரையில், கேட்டில் வரிசையாக நடந்துவரும்போது, காரணமில்லாமல் அப்படி ஆகுமா? உதைதான் இருப்பதிலேயே எளிய விளக்கம். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

ரோஸ்லினிடம் முதல் நாள் சண்டை எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா மேடம்."

"சும்மா எதற்கு அவ்வளவு சத்தம்?"

"பொம்பளைங்கன்னா இருக்கும் மேடம். அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அவள் எதையோ மறைக்கிறாள் என்று தெரிந்தது. மறைப்பவர்கள் குற்றம் செய்தவர்கள் என்றுதான் நமக்கும் தோன்றும். அன்று எனக்கும் தோன்றியது.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டாக்டர் இளம் வயதுக்காரர். தாயம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, நல்ல காலின் கெண்டைச் சதையை அமுக்கினார். பாதம் அசைந்தது. அடிபட்ட காலின் சதையை அமுக்கினார். பாதம் அசையவே இல்லை.

"கெண்டைச் சதையைக் குதிகாலோட கட்டியிருக்கிற தசைநார் அறுந்திருக்கு. முழுசா."

"உதைத்தால் அறுமா டாக்டர்?"

"வெட்டினா அறும். ரொம்ப பலமா அடிச்சா அறும். ஆனா வெட்டு, சிராய்ப்பு, எதுவும் தோல்ல இல்லையே." அவருக்கும் குழப்பம்தான். "நாப்பது தாண்டின ஆம்பளைங்க லீவு நாள்ல ஷட்டில் ஆடப்போய் இப்படி அறுத்துக்கிட்டு வருவாங்க. வந்தவுடனே எல்லாரும் சொல்ற முதல் வார்த்தை, யாரோ பின்னாடி ஒதைச்சாங்க. திரும்பிப் பாத்தா கோர்ட்ல யாருமே இருக்க மாட்டாங்க. நார் அறும்போது அப்படித்தான் தெரியும். ஆனா இவங்க சின்ன வயசு. ஓடலை, குதிக்கலை."

தாயம்மா படுத்தபடியே தலையைத் திருப்பினாள். "யாக்கே மேடம், நான் சுள்ளு சொல்றேன்னு சொல்றாரா? பொய் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? குதிகால்ல அடி விழுந்துச்சு. விழுந்தது எனக்கு. இவருக்கா?"

"பொய்யின்னு யாரும்மா சொன்னா?" என்றார் டாக்டர். "சமீபத்துல காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன், ஏதாவது வந்துதா? ஏதாவது மாத்திரை?"

"ஒண்ணும் இல்ல."

"இழுப்பு?"

"அது இருக்கும். பஞ்சுத் தூசி. கடையில குட்டியா வெள்ளை மாத்திரை குடுப்பாங்க, போட்டா நின்னுடும். அது தினமும் போடறதுதானே, அது மருந்தா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் சொன்னார்: "அந்தக் குட்டி மாத்திரை அனேகமா ஸ்டீராய்டா இருக்கும். அது ஒரு பக்கம். இன்னொண்ணு இருக்கு. ஒரு வகை ஆன்டிபயாட்டிக், சிப்ரோஃப்ளாக்சசினும் அதோட குடும்பமும். அபூர்வமா, சில பேருக்குக் குதிகால் நாரை பலவீனம் ஆக்குது. ஸ்டீராய்டும் சேர்ந்தா இன்னும் அதிகம். நான் படிச்சிருக்கேன், பார்த்ததில்லை. அவங்க இல்லைங்கறாங்க. அப்ப எனக்குத் தெரியலை."

"அந்த மருந்தை எதற்குக் கொடுப்பார்கள்?"

"டைஃபாய்டு, வயித்துப்போக்கு. பொம்பளைங்களுக்கு அதிகமா யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு."

ஆட்டோவில் திரும்பும்போது அந்தக் கடைசி வார்த்தை மட்டும் என்னோடு வந்தது.

அன்று எங்கள் மாதிரித் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் இருந்தது. லைனுக்கு இரண்டு டோக்கன், சூப்பர்வைசர் மேஜையில். பாத்ரூம் போகிறவள் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து வைக்க வேண்டும். அவள் வரும்வரை அவள் மெஷின் முன்னால் சட்டைகள் குவியும், சூப்பர்வைசர் வாயும் திறக்கும். இதற்குப் பெண்கள் கண்டுபிடித்த வழி, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. விளைவு உங்களுக்கே தெரியும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பேர் சூடு. "சூடு பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். எரியும், கடுக்கும். அது அவர்களுக்கு நோய் இல்லை, வெயிலில் வேர்ப்பது மாதிரி. நோய் இல்லாததால் டாக்டர் இல்லை. பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் மாத்திரை கொடுப்பார்கள். அதுவும் அவர்கள் கணக்கில் மருந்து இல்லை. டாக்டர் எத்தனை முறை கேட்டிருந்தாலும் தாயம்மா இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

ரோஸ்லினை முதலுதவி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"லைனில் சூடு பிடித்தால் என்ன மாத்திரை போடுவீர்கள்?"

அவள் முகம் வெளிறியது. உதைத்தாயா என்று கேட்டபோதெல்லாம் நேராகப் பார்த்துப் பதில் சொன்னவள், இப்போது தரையைப் பார்த்தாள்.

"தாயம்மா சொல்லிட்டாளா?"

"என்ன சொல்ல வேண்டும்?"

எல்லாவற்றையும் கொட்டினாள். வாரத்துக்கு மேலாக இருவருக்குமே சூடு. ரோஸ்லின்தான் கடையில் சிப்ரோ வாங்கி வந்தாள். அவளுக்கு இரண்டு வேளையில் எரிச்சல் அடங்கிவிட்டது, நிறுத்திவிட்டாள். மீதியைத் தாயம்மாவிடம் கொடுத்தாள். தாயம்மாவுக்கு அடங்கவில்லை. மறுபடி கேட்டாள், மறுபடி வாங்கிக் கொடுத்தாள். முதல் நாள் மதியம் தாயம்மா குதிகால் குத்துகிறது என்று நொண்டிக்கொண்டே வந்து, இன்னும் கொஞ்சம் வாங்கிவா என்றிருக்கிறாள்.

"வேணாண்டி, டாக்டராண்ட போலாம் வான்னேன். அவ, நீ மட்டும் நல்லாயிட்டே, நான் எரிஞ்சு சாவணுமான்னு கத்தினா. நானும் கத்தினேன். அவ்ளோதான் மேடம் சண்டை."

"இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால்..."

"இன்னா மேடம் சொல்றது? ஆம்பளைங்க நிக்கற எடத்துல இதைச் சொல்ல முடியுமா?" திடீரென்று என் கையைப் பிடித்தாள். "எதுக்கு மேடம் இப்ப மாத்திரையைக் கேக்கறீங்க? அதாலயா கால் போச்சு?"

"இருக்கலாம் என்கிறார் டாக்டர்."

அதன் பிறகு அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நான் ஒதைச்சேன்னே எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன். மாத்திரை குடுத்தேன்னு மட்டும் எழுதாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"வேலை போய்விடும் ரோஸ்லின்."

"ஒதைச்சா வேலைதானே போவும். மருந்து குடுத்துக் காலை எடுத்தேன்னா போலீஸ் வரும். எங்கப்பா உசிரோட இருக்க மாட்டாரு."

நீங்கள் படித்த பாடத்தில் இந்த இடம் இருக்காது. அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மை, அவள் எதைவிடவும் அதிகமாகப் பயந்த உண்மையாக இருந்தது. செய்யாத உதையை ஒப்புக்கொள்ளத் தயாராக என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒப்புதலை வாங்கிக்கொண்டால் சதாசிவம் நிம்மதியாகத் தூங்குவார், தாயம்மாவுக்கு நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும், சம்பந்தப்பட்டவளே கேட்டுக்கொண்டாள் என்று எனக்கும் ஒரு சாக்கு இருக்கும். அப்படி வந்து விழும் ஒப்புதல்களை உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். எதை ஒளிக்க இதை நீட்டுகிறார் என்று பாருங்கள்.

"உன் குதிகால் வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம். ரெண்டு காலும்."

அவளை மேலும் யோசிக்க விடாமல் ஆட்டோவில் ஏற்றினேன். கேட் பாஸில் காரணம் என்ற இடத்தில் வைத்தியம் என்று எழுதினேன். அது உண்மைதான்.

வார்டில் தாயம்மா மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவர், ஆட்டோ ஓட்டுபவர், காக்கிச் சட்டையோடு. ரோஸ்லினைப் பார்த்ததும் தாயம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"ஒதைச்சதும் இல்லாம பாக்க வேற வந்துட்டியா? ஆரஞ்சு எங்கே? வெறுங்கையோடவா வந்தே?"

"ஆரஞ்சு ஒண்ணுதான் கேடு உனக்கு," என்றாள் ரோஸ்லின். அழுகையும் கோபமும் கலந்த குரல். "ஏன்டி, டாக்டர் கேட்டதுக்கு மாத்திரை போடலைன்னு சொன்னியாமே? எத்தினி வாங்கிக் குடுத்தேன் உனக்கு?"

தாயம்மா கணவரைப் பார்த்தாள். கணவர் ஜன்னலைப் பார்த்தார். நான் அவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகுதான் பேச்சு வந்தது.

"அதா? அது சூட்டுக்கு. அதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா, வெக்கம் கெட்டவளே!"

டாக்டர் வந்தார். முதலில் ரோஸ்லினின் குதிகால்களை அமுக்கிப் பார்த்தார். அவள் முகம் சுளித்தாள். அந்த வகை மாத்திரையை இனிமேல் தொடவே கூடாது, சில வாரம் ஓடாதே, பாரம் தூக்காதே, வலி கூடினால் உடனே வா என்றார். பிறகு தாயம்மாவிடம் திரும்பி, மாத்திரை, நார், இழுப்பு மருந்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"எரிச்சலுக்குத் தின்ன மாத்திரை வாய் வழியாப் போய்க் குதிகாலை அறுக்குமா? ஏன் சார், வேற எடமே கெடைக்கலையா அதுக்கு?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

"நூத்துக்கு நூறு நான் சொல்ல மாட்டேன்மா," என்றார். "இதாலதான்னு எழுதிக் கொடுன்னு கேட்டா எழுத மாட்டேன். இருக்கலாம்னுதான் எழுதுவேன். யாரும் ஒதைக்காமலேயே இப்படி அறும், அதை மட்டும் உறுதியா எழுதுவேன்."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் கேள்வியைக் கேட்டேன். "தாயம்மா, உனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரோஸ்லின் காலைப் பார்த்தாயா?"

"பின்னாடி வர்றவ காலை எப்படிப் பாக்கறது? எனக்கு முதுகுல கண்ணா?"

"பார்த்தாயா, இல்லையா?"

"இல்ல." பிறகு உடனே, "ஆனா ஒதை விழுந்துச்சு. அதையும் எழுதுங்க."

"எழுதுகிறேன்."

இரண்டையும் எழுதினேன். ஒருவர் உணர்ந்ததும் ஒருவர் கண்டதும் வேறு வேறு வரிகளில் வர வேண்டும். பத்திரிகையில் இருந்தபோது கற்றதில் இந்த வேலைக்கு அதிகம் உதவியது இதுதான்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே சிலர் வந்து நின்றார்கள். ஈஜிபுரா ஆட்கள் கொஞ்சம், எங்கள் தொழிற்சாலைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் கொஞ்சம். சதாசிவம் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார். டாக்டர் சொன்னதை மட்டும் நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"பாத்தீங்களா? நான் சொன்னனுங்களா? டிஸ்மிஸ்னு ஒரு லைன் எழுதிக் குடுங்க. இல்லீன்னா அந்த மாத்திரைக் கதையை நீங்களே போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. நம்புவாங்களா?"

நம்ப மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். தாயம்மாவே நம்பவில்லை. நானே முழுக்க நம்பினேனா என்று கேட்டால், அன்று காலை எனக்குத் தெரியாது. பலவீனமான நாரை லேசாக ஒரு செருப்பு இடறியிருந்தாலும் அறுந்திருக்குமோ என்று இரவெல்லாம் புரண்டேன். கூட்டத்தில் ஒரு கால் தெரியாமல் பட்டிருக்கலாம். பட்டிருந்தால் அது உதையா?

கீழே இறங்கிக் கேட்டுக்குப் போனேன். மாத்திரை பற்றிப் பேசவில்லை. அது அவர்கள் கேட்ட கேள்வி இல்லை. என் கன்னடம் அவ்வளவு நன்றாக இருக்காது. இருந்தாலும் கன்னடத்திலேயே சொன்னேன்: உதைத்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, தாயம்மாவும் பார்க்கவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"அவளை மிரட்டிச் சொல்ல வைத்தீர்கள்," என்று ஒருவர் கத்தினார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து தாயம்மாவின் கணவர் முன்னால் வந்தார். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்த முகம்.

"அவளை யாரும் மிரட்ட முடியாது," என்றார். "நான் கல்யாணம் ஆனதிலிருந்து முயற்சி பண்றேன்."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தொழிற்சாலைக்குச் சம்பந்தமில்லாதவர். கணவர் அவரிடம் திரும்பி, பார்க்கவில்லை என்று அவளே சொல்கிறாள், நான் என்ன செய்ய, எனக்கு வண்டி எடுக்க நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அங்கே நிற்பதற்கு மற்றவர்களுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

என் அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்: உதை நிரூபிக்கப்படவில்லை. அடி இல்லாமலும் இந்தக் காயம் ஏற்படும் என்பது டாக்டரின் கருத்து. மருந்து ஒரு காரணமாக இருக்கலாம். மாத்திரையை யார் வாங்கினார், யார் கொடுத்தார் என்பதை எழுதவில்லை. விசாரணையின் கேள்வி அது இல்லை. சதாசிவம் கடைசி வரியைப் படித்துவிட்டு, "இந்த இருக்கலாம்ங்கிற வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. லைனில் இன்னும் எத்தனை பேர் பையில் அந்த மாத்திரை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மைக்கில் அறிவித்தால், மாத்திரை தின்றால் கால் அறும் என்று மத்தியானத்துக்குள் ஈஜிபுரா முழுக்கப் பரவும். நாளைக்கு டைஃபாய்டு வந்த குழந்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததைக்கூட ஒரு தாய் ஜன்னல் வழியாக எறிவாள். சும்மா இருந்தால் இன்னொருத்தி கேட்டில் விழுவாள். டீ நேரத்தில் சின்னச் சின்னக் கும்பலாகக் கூப்பிட்டு இரண்டே விஷயம் சொன்னேன்: சூடு என்பது நோய், அதற்குக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போ. எந்த மாத்திரை தின்னும்போதும் குதிகால் வலித்தால் நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடாமல் நடந்து போ. கேட்டுக்கொண்டார்கள், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. சரியாகச் சொன்னேனா, போதுமான அளவு சொன்னேனா என்பது இன்றும் எனக்குத் தெளிவில்லை. டோக்கனைப் பற்றி நிர்வாகத்துக்குத் தனியாக எழுதினேன். பதில் வரவில்லை.

சில மாதம் கழித்துத் தாயம்மா வேலைக்குத் திரும்பினாள். கொஞ்சம் சாய்ந்த நடை. என் அறைக்கு வந்தாள். உன்னை யாரும் உதைக்கவில்லை என்று இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டேன்.

"இருக்கலாம் மேடம். டாக்டர் பெரிய படிப்பு படிச்சவரு. ஆனா அவரு அங்க இல்லையே. நான்தானே இருந்தேன்."

அன்று மதியம் அவளும் ரோஸ்லினும் ஒரே டப்பாவிலிருந்து சித்ரான்னம் சாப்பிட்டார்கள்.